கீமோ முடிந்த பிறகு மனநல மருத்துவரிடம் போன கதை

கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இளம் வயதில் வரும் புற்றுநோய்களில் குணமாகும் வாய்ப்பு மிகுந்தவற்றுள் இதுவும் ஒன்று என்பதால், 'இது நல்ல வகை' என்றே எல்லோரும் தேற்றினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோ, பின்னர் கழுத்துக்கும் மார்புக்கும் கதிர்வீச்சு, கடைசியாக நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பெட் ஸ்கேன் என்று சிகிச்சை முடிந்தது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று அனுப்பிவைத்தார்கள். என் மனம் குலையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதற்கு வைத்தியம் கிடைத்த வழியை, இதே நிலையில் இருக்கும் இளையோருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

சிகிச்சை நடந்த காலத்தில் அடுத்த தேதி, அடுத்த ரத்தப் பரிசோதனை, வெள்ளணுக்களின் எண்ணிக்கை என்று கவலைப்படுவதற்கே ஓர் ஒழுங்கு இருந்தது. அது முடிந்ததும், உடன் படித்தவர்கள் அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டிருக்க, நான் இளையவர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டேன். இரவில் தூக்கம் வரவில்லை. கட்டி ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்த்துப் பார்த்து அந்த இடமே சிவந்து வலிக்கும். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து செக்கச்சிவப்பாக இருக்கும். அதன்பின் ரோஸ் மில்க்கைக் கண்டாலே எனக்குக் குமட்டியது. ஊசி போடுமுன் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசனை பட்டாலோ வாந்தியே வந்துவிடும்.

இவற்றை யாரிடமும் சொல்ல வழியில்லாதபடி வீட்டில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது பேச்சாகிவிடக் கூடாது என்று அஞ்சிய அம்மா, எனக்கு டைபாய்டு என்றும், சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டோம் என்றும் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தார். டைபாய்டு வந்தால் முடி கொட்டும் என்பது நம் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத சங்கதி. இல்லாத நோய்க்கு யாரும் ஆறுதல் சொல்ல வரமாட்டார்கள் அல்லவா?

செக்கப்புக்குப் போனபோது, மனசு சரியில்லை என்று மருத்துவரிடம் சொன்னேன். "எல்லாம் சரியாயிடுச்சு, தைரியமா இரும்மா" என்றார். நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் அதற்கு மேல் அவருக்கும் நேரமில்லை. அடுத்த முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, கழுத்தைத் தடவும் பழக்கம், வாசனைக்கு வரும் வாந்தி, வகுப்புக்குப் போகாத வாரங்கள், இருந்து என்ன பயன் என்று அடிக்கடி தோன்றுவது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றே உளவியல் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. அப்படி இல்லாத இடத்தில், அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், புற்றுநோய்ச் சிகிச்சையின் தாள்களைக் காட்டி ஆரம்பிக்கலாம்.

உளவியல் ஆலோசகர் முதலில் செய்த காரியம், அம்மாவை வெளியே உட்காரச் சொன்னது. நோய் தெரிந்த நாள் முதல் எந்த மருத்துவரும் என்னோடு தனியாகப் பேசியதில்லை. கேள்விகள் அப்பாவை நோக்கிப் போகும், பதில்கள் அம்மாவிடமிருந்து வரும். இளம் நோயாளிகளைப் பொறுத்தவரை நம் மருத்துவமனைகளில் முதலில் மாற வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. பெற்றவர்கள் எதிரே இருக்கும்போது எந்தப் பிள்ளையும் 'வாழப் பிடிக்கவில்லை' என்று வாய்விட்டுச் சொல்லாது. ஆலோசகர் தந்த முதல் தாளில், மன வேதனை எவ்வளவு என்று குறிப்பதற்கு வெப்பமானிப் படம் ஒன்றும் 0 முதல் 10 வரை எண்களும் இருந்தன. 4 அல்லது அதற்கு மேல் குறித்தால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். இரண்டாவது, ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் படிவம். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. நான் நன்றாகவே தாண்டியிருந்தேன்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதுமுன் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக்கூடத் தைராய்டு சுரப்பு குறையலாம் என்றும், அது சோர்வு, மந்தம், மனத்தளர்ச்சி என்றே வெளிப்படும் என்றும் விளக்கினார். எனக்கும் குறைந்திருந்தது. அதற்கு மாத்திரை தொடங்கிய பிறகும் மனச்சோர்வு முழுதாக விலகாததால், அதற்கெனத் தனி மருந்தும் சேர்த்தார். டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து; மனச்சோர்வு மருந்துகளில் சிலவும் இதயத் துடிப்பின் சீரை மாற்றக்கூடியவை; ஆகவே ஈசிஜி பார்த்த பின்பே மருந்தைத் தேர்ந்தார். எந்தக் கீமோ, எவ்வளவு, எங்கே கதிர்வீச்சு என்ற சுருக்கத்தாளைப் புற்றுநோய்ப் பிரிவில் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருப்பது இதற்காகத்தான். மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் முதல் வாரங்களில் அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்பதையும் என்னிடமும் அம்மாவிடமும் ஒளிக்காமல் சொன்னார். மாத்திரைப் பெட்டியை அம்மா தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

மருந்தைவிட எனக்கு ஆலோசகரோடு நடந்த பேச்சும் பயிற்சியும்தான் அதிகம் உதவின என்று நினைக்கிறேன். வேறொருவருக்கு மாறியும் இருக்கலாம். 'நோய் திரும்பி வராது' என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எவையெல்லாம் வந்தால் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தந்தார்: காரணமில்லாமல் தொடரும் காய்ச்சல், படுக்கை நனையும்படி இரவு வியர்வை, எடைக் குறைவு, சில வாரங்களாகியும் வற்றாத கட்டி. கழுத்தைப் பார்ப்பதை மாதத்தில் ஒரு நாள் குளிக்கும்போது மட்டும் என்று வரையறுத்தார். முதல் மாதம் அந்த விதியைக் காப்பது விரதம் இருப்பதுபோலத்தான் இருந்தது. வாசனைக்கு வரும் வாந்தி, உடல் தானாகக் கற்றுக்கொண்ட எதிர்வினை என்றும், அதைப் படிப்படியாக மறக்கச் செய்யலாம் என்றும் விளக்கி, தசைகளைத் தளர்த்தி நிதானமாக மூச்சுவிடும் பயிற்சியைக் கற்றுத்தந்தார். அதைச் செய்துகொண்டே மூடிய ஸ்பிரிட் பாட்டிலை அறையின் மறுகோடியில் வைப்பது, பிறகு அருகே கொண்டுவருவது, பிறகு மூடியைத் திறப்பது என்று போனோம். ஸ்பிரிட் இப்போது தொந்தரவு தருவதில்லை. ரோஸ் மில்க் மட்டும் இன்னும் வேண்டாம்.

ஸ்கேனுக்கு முந்தைய வாரமும் முடிவு வரும் வரையுள்ள நாள்களும் இன்னமும் கடினமானவைதான். முடிவை யார் வாங்குவது, என்னிடம் எப்போது சொல்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். அப்பா முகத்தைப் பார்த்து முடிவை ஊகிக்கும் வேதனை அதனால் இல்லாமற்போயிற்று.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தருகின்றன என்பதால், வெளிநோயாளியாகப் போன எனக்கு அதனால் பயனில்லை. அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். நடு இரவில் மனம் தாங்காத வேளையில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 சேவையிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நான் 14416ஐ அழைத்திருக்கிறேன்; மறுமுனையில் பேசியவர் பெயரைக்கூட வற்புறுத்திக் கேட்கவில்லை.

மனச்சோர்வு மருந்தை மருத்துவர் இப்போது மெல்ல மெல்லக் குறைத்து வருகிறார். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் தொடர்கிறது, அநேகமாக ஆயுள் முழுவதும் தொடரும். படிப்பை முடித்துவிட்டேன். வரன் பார்க்கத் தொடங்கினால் வருகிறவர்களிடம் நோயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் பக்கம். பேசி முடிவாகும் நிலைக்கு வந்தபின் சொல்லலாம் என்பது அம்மாவின் பக்கம். இதைப் பேசுவதற்காகவே அடுத்த முறை ஆலோசகரிடம் அம்மாவும் என்னோடு உள்ளே வருகிறார்.