ரேகை விழவில்லை

2024 ஜூலை 4, வியாழன்

காலையிலிருந்து சாரல். குற்றாலத்தில் தண்ணி நல்லா விழுதாம். ரேஷன் கடையில் எங்களுக்கு ரேகை விழவில்லை.

அம்மா பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டாள். கடைத் தம்பி ஒவ்வொரு விரலாகப் பிடித்து அழுத்தினான், துணியால் துடைத்தான். "ஆச்சி, விரலத் தலையில நல்லாத் தேச்சுட்டு வைங்க" என்றான். தலை எண்ணெய் பட்டால் சில நேரம் எடுக்குமாம். எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் விபூதி தடவச் சொன்னார்.

"அப்ப ஓடிபி போட்டுருவோம். அட்டையில உள்ள நம்பருக்குப் போகும், பாத்துச் சொல்லுங்க."

அட்டையில் உள்ள நம்பர் அப்பாவுடையது. அப்பா 2021-ல் போய்விட்டார். அந்த சிம்முக்கு அப்புறம் யாரும் காசு போடவில்லை.

ரேகை விழவில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அரசாங்கம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னேன். "சொல்லிருக்காங்கக்கா, ஆனா மிஷின் பில் போட்டாத்தான நான் மூட்டையில கை வைக்க முடியும்? இருப்புக் கணக்கு உதைச்சா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க." அவனிடம் சண்டை போட எனக்கு மனசு வரவில்லை.

வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள் அம்மா. வீடு வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "ஏட்டி, மேலத்தெருக்காரி வரிசையில நின்னாளா?"

ஜூலை 5, வெள்ளி

ராத்திரி அம்மா தூங்கினதும் டார்ச் அடித்து அவள் கையைப் பார்த்தேன். வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வழுவழுவென்று இருக்கின்றன, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி.

எட்டு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். கத்தரியால் இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைக் கட்டி, தலையை மடக்கி விட வேண்டும். ஒரு பீடிக்கு அந்த இரண்டு விரலும் எத்தனை தடவை உரசும் என்று எண்ணிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். நாளைக்கு ஆயிரம் பீடி. கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம் முன்னாடிதான் சுளகைப் பரணில் ஏற்றினாள். தென்காசிப் பக்கம் இப்படி எத்தனை வீட்டில் எத்தனை விரல்!

2020 அக்டோபரில் ரேஷன் கடைக்குக் கைரேகை வந்தது. அதற்கு முன்னாடி 2017-லிருந்து இந்த ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்தால் போதும். அதற்கும் முன்னாடி புத்தக அட்டை. வருஷா வருஷம் உள்தாள் ஒட்டி ஒட்டித் தடித்துப்போய் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நானே ஸ்கூல் பையோடு போய் வரிசையில் நின்றிருக்கிறேன். யார் விரலையும் யாரும் கேட்டதில்லை.

சில ஊர்களில் கண் கருவிழியைப் பார்க்கிற கருவி வந்திருக்கிறது. எங்கள் கடைக்கு வரவில்லை. வந்தாலும் அம்மாவின் கண்ணை அது என்ன சொல்லுமோ.

ஜூலை 6, சனி

சும்மா ஒரு யோசனையில் அப்பா நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது! நெஞ்சு ஒரு நிமிஷம் எங்கேயோ போய் வந்தது. ஒரு ஆண் குரல். "சொல்லுங்க."

சங்ககிரிக்காரர், லாரி டிரைவர். இந்த நம்பர் கைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். நான் விஷயத்தை ஆரம்பித்ததுமே, "ஓ, ரேஷன் மெசேஜுங்களா? மாசாமாசம் எனக்குத்தானுங்க வருது. அரிசி பதினாறு கிலோ, சக்கர ஒரு கிலோ. மே மாசம் பருப்பு, பாமாயில் இல்லாம வெறும் அரிசி, சக்கர மட்டும் வந்துச்சுங்களே?" என்றார்.

உண்மைதான். தேர்தல் நேரத்தில் பருப்பும் பாமாயிலும் கடைக்கு வராமல் இழுத்து, மே மாதப் பாக்கியை ஜூனில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் வீட்டு அடுக்களைக் கணக்கு, முகம் தெரியாத ஒரு மனுஷன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

"கடைக்குப் போறப்ப சொல்லுங்க்கா, ஓடிபி வந்ததும் படிச்சுக் காட்டறேன்." ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். சரி என்றேன்.

ஜூலை 8, திங்கள்

கடையில் நின்றுகொண்டு ஓடிபி அனுப்பச் சொன்னோம். சங்ககிரி அண்ணன் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அனுப்பினான், மறுபடியும் அதே. சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "காட்டுப் பாதைங்க, டவரே இல்லீங்க. ரெண்டு நம்பர் வந்திருக்குது, இப்பச் சொல்லட்டுங்களா?"

ஓடிபிக்கு ஆயுசு சில நிமிஷம். ஆனாலும் அவர் படித்த இரண்டையும் கேட்டுக்கொண்டேன், மறுக்கத் தோன்றவில்லை.

கடைத் தம்பி இன்னொரு வழி சொன்னான். நடமாட முடியாதவர்கள் ஒரு படிவம் கொடுத்து, தங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பலாம். அம்மாவிடம் சொன்னேன். "நான் என்ன படுத்தாக் கெடக்கேன்? என் காலு நடக்குது. விரலுக்குத்தான கேடு!"

ஜூலை 10, புதன்

ஆதார் மையம். ரேகையைப் புதுப்பிக்க 100 ரூபாய். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். எடுத்த பெண் பொறுமைசாலி. ஈரத் துணி வைத்திருந்தாள். இரண்டு விரல் சுமாராக வந்திருக்கிறது, பதிவாகச் சில நாள் ஆகும் என்றாள். இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. திரும்பும்போது அல்வா வாங்கினோம்.

ராத்திரி ரேஷன் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எண் 1967. அம்மாவிடம் சொன்னதும் சிரித்தாள்: "அந்த வருசந்தாம்ல அண்ணாத்துரை ரூவாய்க்கு ஒரு படி அரிசி போட்டாரு." அது சென்னையிலும் கோயம்புத்தூரிலும்தான் ஆரம்பித்தது, எங்கள் ஊருக்கு வரவில்லை. "வரல. ஆனா வரும் வரும்னு எங்கய்யா சொல்லிக்கிட்டே கெடந்தாரு." போன் எடுத்தவர், சனிக்கிழமை குறைதீர் முகாம் இருக்கிறது, அங்கே நம்பரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

ஜூலை 12, வெள்ளி

முகாமுக்குக் காகிதம் எடுத்து வைத்தேன். நம்பர் மாற்றும்போதே அப்பா பேரை நீக்கிவிடலாம் என்றதும் அம்மா முகம் மாறிவிட்டது.

"என்னத்துக்கு?"

"ஆள் இல்லாம மூணு வருஷமா அரிசி வாங்குறது தப்பும்மா."

கல்யாணமானதும் என் பேரை எடுத்தாச்சு. அட்டையில் இருப்பது அவர்கள் இரண்டு பேர். இரண்டு பெரியவர்களுக்கு 16 கிலோ, ஒருத்தருக்கு 12. மத்திய அரசுக் கணக்கில் அம்மா 'முன்னுரிமை இல்லாத' அட்டைக்காரி. பீடி சுற்றின ஒரு விதவை யாருக்கு முன்னுரிமை இல்லாதவளாகப் பட்டாளோ! ஆனால் தமிழ்நாட்டில் அரிசி அட்டை எதுவானாலும் 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசு கிடையாது. அதனால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்களும் பார்த்ததில்லை.

"நாலு கிலோ போயிரும்லா" என்றாள் முதலில். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "தலைவர மாத்துனா போட்டோவும் மாறுமோ?"

அட்டையில் குடும்பத் தலைவர் படம் மட்டும்தான் இருக்கும். அப்பா அதில் வெள்ளைச் சட்டையோடு, யார் மேலோ கோபமாக இருக்கிற மாதிரி இருப்பார்.

ஜூலை 13, சனி

இரண்டாம் சனிக்கிழமை. பந்தலுக்குக் கீழே இரண்டு மேஜை, ஒரு லேப்டாப். பத்தரைக்குள் எங்கள் முறை வந்துவிட்டது. நம்பர் மாற்றம் அங்கேயே முடிந்தது. இறப்புச் சான்றிதழை வாங்கித் தேதியைப் பார்த்த அதிகாரி, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒரிஜினல் வச்சுக்கோங்கம்மா, ஜெராக்ஸ் போதும்" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 15, திங்கள்

ஓடிபி என் போனுக்கு வந்தது. பேர் நீக்கம் இன்னும் ஏறாததால் அரிசி 16 கிலோவே வந்தது. சர்க்கரை 1 கிலோ 25, பருப்பு 30, பாமாயில் 25. மொத்தம் 80 ரூபாய். வெளியே பருப்பு மட்டுமே கிலோ 150-ஐத் தாண்டிவிட்டது. பதினோரு நாள் அலைந்தது இந்த 80 ரூபாய்ப் பைக்குத்தான்.

பதினோரு நாளும் கடையில் கிலோ 60 ரூபாய் அரிசி வாங்கிப் பொங்கினோம். ரேஷன் அரிசிச் சோற்றை அம்மா இன்றைக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த அரிசி வாசனை எனக்குப் பிடிக்காது, இப்போதும்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அரிசி 12 கிலோ, சர்க்கரை அரைக் கிலோ, பருப்பும் பாமாயிலும் போன மாதம் மாதிரியே. பில் 67 ரூபாய் 50 காசு. 70 கொடுத்தோம், சில்லறை இல்லையாம். புது ரேகையை மிஷின் நாலாவது தடவையில் எடுத்தது. இடது கை மோதிர விரல். பீடிக்கு உதவாத விரல்.

புது அட்டை இன்னும் வரவில்லை. பழையதைத்தான் ஸ்கேன் செய்தார்கள். அதை அம்மா முந்தானையில் துடைத்து மணிபர்சில் வைத்தாள்.

சாயங்காலம் சங்ககிரியிலிருந்து போன். "இந்த மாசம் மெசேஜே வரலீங்க்கா. அம்மா நல்லா இருக்காங்களா?"

நம்பர் மாற்றின கதையைச் சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்று கையைக் காட்டினாள், போனைக் கொடு என்று. பிறகு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சொன்னாள்:

"பாமாயிலும் வாங்கிட்டேன்னு சொல்லு."