யோஹிம்பின் வேலை செய்யாத இரண்டு மாதம்

எலி இதயத்தின் வலது ஆரிக்கிளை, அதாவது வலது மேலறையை, வெட்டியெடுத்து கிரெப்ஸ் என்ற உப்புக் கரைசலில் போட்டால் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும். உடம்பு இல்லை, மூளை இல்லை, கார்போஜன் (ஆக்சிஜனும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு) குமிழி மட்டும் போதும். முதல் நாள் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அந்த அதிசயமெல்லாம் போய்விட்டது.

வேலை இதுதான்: அந்தத் துண்டில் இருக்கும் பரிவு நரம்பு நுனிகள், அவை சுரக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளையே கதிரியக்க டிரிட்டியம் சேர்த்துக் கொடுக்கும்போது உறிஞ்சிக்கொள்ள விட்டு, உள்ளே போகாததை ஒன்றரை மணி நேரம் கழுவித் தள்ளி, பிறகு மின்துடிப்பு கொடுத்து வெளியே வருவதை மூன்று நிமிடத்துக்கு ஒரு குழாயாகப் பிடித்து கதிரியக்கத்தை எண்ணும் சிண்டிலேஷன் கவுண்டரில் எண்ண வேண்டும். இரண்டு முறை தூண்டுவோம், நடுவில் மருந்து. இரண்டாவதை முதலால் வகுத்தால் மருந்து செய்தது தெரியும். மருந்தே போடாதபோது அந்த விகிதம் ஒன்றை ஒட்டி வர வேண்டும்; அது வரவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அதில் ஒரு வாரம் கால்சியத்தோடு போனது. கரைசல் காலையில் தெளிவாக இருக்கும், கால்சியம் குளோரைடு ஊற்றியதும் மோர் மாதிரி கலங்கும். எடை தப்பு என்று திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தேன். சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல கேஸ் விடுடா, அப்புறம் கால்சியம்" என்றார். கேஸில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகாதவரை பைகார்பனேட் கரைசல் காரமாக இருக்கும், கால்சியம் படிந்துவிடும். கால்சியம் இல்லாமல் நரம்பு எதையும் வெளியே விடாது என்பது வேறு விஷயம், அதை நான் தெரியாமலே நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

சரி, யோஹிம்பினுக்கு வருவோம். நரம்பு நுனியிலேயே ஆல்ஃபா-2 ஏற்பி இருக்கிறது. வெளியே வந்த நார்அட்ரினலின் அதில் உட்கார்ந்து, "போதும், நிறுத்து" என்று அடுத்த சுரப்பைக் குறைக்கும். யோஹிம்பின் என்ற மருந்து அந்த ஏற்பியை அடைத்தால் சுரப்பு கூட வேண்டும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. எனக்கோ ஒவ்வொரு முறையும் ஒன்று, ஒன்றுக்குக் கீழே, மறுபடி ஒன்று. மருந்து பழசு என்று புது பாட்டில் வாங்கினோம், செறிவைப் பத்து மடங்காக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கைடு கேட்ட ஒரே கேள்வி: "எத்தனை துடிப்பு குடுக்கிற?" நான்கு, 100 ஹெர்ட்ஸில். அதே ஏற்பியைத் தூண்டி சுரப்பைக் குறைக்கும் குளோனிடின் என்ற மருந்துக்காக ஒரு பழைய மாணவர் எழுதிவைத்த முறையை அப்படியே எடுத்திருந்தேன். நான்கு துடிப்பும் 30 மில்லி செகண்டில் முடிந்துவிடும். நிறுத்தச் சொல்ல வேண்டிய நார்அட்ரினலின் வெளியே வந்து ஏற்பியைத் தொட்டு வேலை செய்வதற்குள் கதையே முடிந்துவிடுகிறது. இல்லாத பிரேக்கை யோஹிம்பின் எப்படி விடுவிக்கும்?

3 ஹெர்ட்ஸ், ஒரு நிமிடம், 180 துடிப்பு என்று மாற்றினேன். அன்று மாலை வந்த விகிதம் ஒன்றேமுக்கால். அதே அமைப்பில் குளோனிடின் போட்டால் மங்கலாகத்தான் குறைத்தது, ஏனென்றால் பிரேக் ஏற்கெனவே பாதி அழுத்தப்பட்டிருக்கிறது. கூடவே மறுஉறிஞ்சலை அடைக்க டெசிப்ரமின் வேறு போட்டிருந்தேன், அது வெளியே நார்அட்ரினலினைத் தேக்கி இன்னும் அழுத்தும். பழைய நான்கு துடிப்பில் குளோனிடின் அட்டகாசமாக வேலை செய்தது.

இரண்டு மாத "தோல்வி" எண்களை எறியவில்லை. தீசிஸில் தனிப் படமாகப் போயிருக்கின்றன, 180 துடிப்புப் படத்துக்குப் பக்கத்திலேயே.