நீல டைல்களும் மஞ்சள் டிராமும்

பிப்ரவரி 4

இரு அணிகள் சுட்டு ஆடும் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற கணினி ஆட்டத்துக்கு நாங்கள் செய்யும் வரைபடத்தில், அதாவது ஆடுகளத்தில், தெருக்களின் அகலமும் மறைவிடங்களும் இனி மாறாது என்று வடிவமைப்பாளர் அறிவித்துவிட்டார். சாம்பல் நிறப் பெட்டிகளாக நிற்கும் இந்தச் சந்துகளை லிஸ்பன் நகரின் அல்ஃபாமாவாக மாற்றுவது என் பொறுப்பு. 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நகரின் பெரும்பகுதி இடிந்தபோது பெருமளவு தப்பிப் பிழைத்த பகுதி அது; நேர்த்தெருக்களுக்காக அதை யாரும் கலைத்துப் போடாததால், கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுவதற்கென்றே வளைந்து ஏறி இறங்குவது போலிருக்கிறது.

பிப்ரவரி 6

முதல் சுவருக்கு நீல டைல்களைப் பதித்தேன். அழகு.

பிப்ரவரி 9

அந்த அழகுதான் தொல்லை. நீலமும் வெள்ளையுமாக நுண்ணிய கோலங்கள் நிறைந்த சுவரின் முன்னால், கருநீல உடையணிந்த ஒருவரை நிறுத்திவிட்டு நாற்பது அடி தள்ளி நின்று பார்த்தால், அவர் அங்கே நிற்பதை அறிய ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்த ஆட்டத்தில் அந்த ஒரு நொடிக்குள் உயிர் போய்விடும். டீம் ஃபோர்ட்ரெஸ் 2 ஆட்டத்தின் காட்சி முறை பற்றி அதன் கலைஞர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையை மீண்டும் படித்தேன். கால்கள் இருண்டும் மார்பு வெளிச்சமாகவும் இருக்கும்படி அவர்கள் பாத்திரங்களுக்கு நிறம் கொடுத்தார்கள். ஆயுதம் இருக்கும் மார்பை நோக்கியே கண் முதலில் போகவேண்டும் என்பது காரணம். அப்படியானால் மார்பும் தலையும் வரக்கூடிய உயரத்தில் என் சுவர் வாய் மூடி நிற்க வேண்டும். நின்றிருக்கும் வீரரின் உயரம் ஆட்டத்தின் அளவையில் 72 அலகுகள்; அதுவரை வெறும் சுண்ணாம்புப் பூச்சு, அதற்கு மேலே டைல் என்று வைத்தால் என்ன? உண்மையான லிஸ்பனில் பல வீடுகளுக்குத் தரையிலிருந்தே டைல் பதித்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அங்கே யாரும் யாரையும் குறிபார்ப்பதில்லை.

பிப்ரவரி 10

சுண்ணாம்புக்கு வெளிறிய காவி நிறம். வெள்ளையாக விட்டால் வெயிலில் கண் கூசுகிறது.

பிப்ரவரி 13

கொடிகளில் காயும் துணிகளைப் பற்றி நேற்றிரவும் பேச்சு முடியவில்லை. துணி இல்லாத அல்ஃபாமா பொய் என்பது என் கட்சி. காற்றில் எது அசைந்தாலும் அதை எதிரி என்று எண்ணித் துப்பாக்கி திரும்பும் என்பது வடிவமைப்பாளரின் கட்சி. அவர் சொல்வது சரியென்பதால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது. குதித்தாலும் பார்வையை மறைக்காத உயரத்தில் கட்டி, அசைவை நிறுத்தி, கையெறி குண்டு பட்டுத் திரும்பாதபடி பொருள்கள் அதில் மோதும் தன்மையையும் நீக்கிவிட்டால், அது துணியா, அட்டையா?

பிப்ரவரி 14

அட்டைதான். இருக்கட்டும்.

பிப்ரவரி 18

மூலைக்கு ஒரு பெயர் வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஒருவர் கூவும்போது மற்ற நால்வருக்கும் ஒரே இடம் நினைவுக்கு வரவேண்டும் என்பதால், ஒரு பொருளை ஓரிடத்தில் மட்டுமே வைக்கிறேன்: கிணற்றுத் தொட்டி ஒன்று, எலுமிச்சைக் கூடை ஒன்று, குண்டு வைக்கும் இரண்டு இடங்களில் ஒன்றான ஏ தளத்தில் மஞ்சள் டிராம் ஒன்று. பீப்பாய்களை அழகுக்காக நான்கு இடங்களில் அடுக்கியிருந்த உதவியாளரின் வேலையைக் கலைக்கச் சொன்னபோது அவருடைய முகம் வாடிவிட்டது. 1999ஆம் ஆண்டு டேவ் ஜான்ஸ்டன் உருவாக்கிய டஸ்ட் என்ற கவுண்டர் ஸ்ட்ரைக் வரைபடத்தில் மணல் நிறச் சுவர்களையும் மரப்பெட்டிகளையும் தவிரப் பெரிதாக எதுவுமில்லை; இருந்தும் அதன் வளைவுகளை மக்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள் என்று அவருக்கு நினைவூட்டினேன்.

பிப்ரவரி 20

வேலை ஓடவில்லை. மேல்மாடி ஜன்னல்களில் பூந்தொட்டிகளை வைத்துக்கொண்டே இருந்தேன். அங்கே யாரும் சுடப்போவதில்லை என்பதால் தடுப்பாரில்லை.

பிப்ரவரி 23

படிக்கட்டுகள், வாசல் நிலைகள், ஜன்னல் விளிம்புகள் எல்லாவற்றின் மீதும் கிளிப் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத தடுப்பைப் போட்டு, ஓடும் வீரரின் தோள் எதிலும் இடறாதபடி வழித்துவிட்டேன். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாத வேலை, மோசமாகச் செய்தால் எல்லோருக்கும் தெரியும்.

சோதனை ஆட்டம் நாளை மாலை. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 24

டைல் சுவரைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது பாராட்டா, கவனிக்கவில்லையா? துணிகளை ஒருவர் சுட்டுப் பார்த்தார்.

டிராமின் கூரைமேல் ஏற முடிகிறதாம். அங்கிருந்து எதிரணி புறப்படும் வாசல் தெரிகிறது என்று இப்போதுதான் படம் அனுப்பியிருக்கிறார்கள். காலையில் முதல் வேலையாகச் சாய்வான கிளிப் ஒன்று போட வேண்டும், அல்லது டிராமையே