இரண்டரை நிமிஷத்துக்காக வெங்கன் வரை

சுவிட்சர்லாந்தின் வெங்கன் கிராமத்தில் நடக்கும் லாபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பார்க்க எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஹுண்ட்ஷோப்ஃபைச் சொல்லாமல் கை நகர மறுக்கிறது.

பந்தயப் பாதையில் வரும் பாறை இடுக்கு அது. டிவியில் சின்னத் துள்ளலாகத் தெரியும். அதை நம்பாதீர்கள். நேரில் முதலில் சத்தம்தான் வருகிறது, இறுகிய பனியைப் பலகையின் விளிம்பு கீறும் சத்தம். அடுத்த நொடி பாறை விளிம்பிலிருந்து ஆள் பறக்கிறார். இறங்கியதும் ஒருவருக்கு இடதுகால் பலகை மட்டும் தனியாகத் துடித்தது. என் தொண்டை உலர்ந்துவிட்டது. சுவிஸ் வீரர் மார்க்கோ ஓடர்மாட் வந்தபோது கூட்டம் அடித்த பசுமணிகளின் ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

சரி, வழி. வெங்கனுக்குக் கார் போகாது. லாட்டர்புரூன்னன் என்ற ஊரிலிருந்து பல்சக்கர ரயில்தான். பந்தய வாரத்தில் வெங்கனில் அறை வாடகையைக் கேட்டதும் இன்டர்லாக்கன் என்ற ஊருக்கு ஓடிவிட்டேன். விடியுமுன் கிளம்புங்கள். கட்டுச்சோறு எடுத்துப்போவது நல்லது. என் புளியோதரை குளிரில் விறைத்துப்போனாலும் ருசியாகத்தான் இருந்தது. வழியில் ஒரு கடைக்காரர் ஆறிப்போன தேநீருக்கு 8 பிராங்க் வாங்கினார். பகல் கொள்ளை!

அந்த ரயில் பாதையையும் பந்தயம் விட்டுவைக்கவில்லை. வாசர்ஸ்டேஷன் என்ற இடத்தில் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள குறுகிய வழியில் வீரர்கள் புகுந்து போகிறார்கள். அப்புறம் ஹானெக்ஷுஸ் சரிவு. 2013-இல் பிரான்ஸின் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டரைத் தொட்டது அங்கேதான்.

1930-இலிருந்து நடக்கும் இந்தப் பந்தயத்தை வேகத்தை மட்டும் வைத்து எடைபோடுவது தப்பு என்பேன். மலைச்சரிவில் வேகமாக இறங்கும் மற்ற டவுன்ஹில் பந்தயங்கள் பெரும்பாலும் இரண்டு நிமிஷத்துக்குள் முடியும். இங்கே சுமார் நாலரை கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டரை நிமிஷம். குந்திய நிலையிலேயே அவ்வளவு தூரம் வந்தால் தொடை என்ன ஆகும்? கால் ஓய்ந்த நேரம் பார்த்து, முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு இரட்டை வளைவு வருகிறது. இவ்வளவு கொடூரமான இடத்தில் அதை வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கோபமே வந்தது.

பெரிய திரையில் பார்த்தேன். கோட்டைக் கடந்த ஒரு வீரர் கைத்தடிகள் மேல் அப்படியே கவிழ்ந்து நின்றார். அவருடைய நேரம் திரையில் வந்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தவேயில்லை.