கேஸ் ஜெயித்தாச்சு, பட்டம்தான் வரவில்லை

கொடைக்கானலில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாலுகா ஆபீஸ் பக்கம் மனு டைப் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், கூட்டுப்பட்டாவைப் பிரிக்கச் சொல்லி விண்ணப்பம், இதுதான் பிழைப்பு. கரண்ட் இல்லையென்றால் கடையில் நானும் டீயும்தான். அப்படி ஒரு மதியம், கடைக்கு வரும் ஜூனியர் வக்கீல் தம்பி ஒருவர் "அண்ணே, உங்க ஊர்ச் சண்டை மாதிரியே அயர்லாந்தில் ஒரு சண்டை நடந்திருக்கு, படிங்க" என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். ஜேம்ஸ் ஆன்ஸ்லி. மூன்று நாள் மழை, மூன்று நாளும் அந்த ஆளோடுதான் கழிந்தது.

எங்கள் ஊர்ச் சண்டை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்தது மேல்மலையில் ஒரு பூண்டு விளையும் ஊர். அங்கே கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் தாத்தா வீட்டுக்கு. ஒரு முழத் துணி, அதைத் தலையில் கட்டி, ஒரு தேங்காய் மூடி, ரெண்டு வாழைப்பழம். அவ்வளவுதான் வரும்படி. ஆனால் தாத்தாவின் அப்பா போனபிறகு, அந்தத் துணி யார் தலைக்கு என்று ஆரம்பித்த சண்டை என் மாமா காலம் வரைக்கும் ஓடியது. தாத்தா முதல் தாரத்துப் பிள்ளை என்று எங்கள் வீடு சொல்லும். முதல் தாரத்துக்குப் பிள்ளையே கிடையாது, இது எங்கிருந்தோ எடுத்து வளர்த்தது என்று அந்த வீடு சொல்லும். சரி, இதை இங்கே நிறுத்திவைக்கிறேன்.

ஜேம்ஸ் பிறந்தது 1715ல், அயர்லாந்தில் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்து டன்மெய்ன் என்ற பெரிய வீட்டில். அப்பா ஆர்தர், ஆல்தம் பட்டத்துப் பிரபு. அம்மா மேரி ஷெஃபீல்ட், பக்கிங்ஹாம் டியூக்குக்குத் தாலி கட்டாத உறவில் பிறந்த மகள். அப்பாக்காரர் குடி, கடன், கோபம் மூன்றிலும் குறைவில்லாதவர். 1717ல் மனைவியின் மேல் சந்தேகப்பட்டு, பாலிசர் என்ற இளைஞனின் காதை ஆள்விட்டு அறுத்து, மனைவியையும் வீட்டைவிட்டு விரட்டினார். பையன் அப்பாவிடமே தங்கிவிட்டான். கொஞ்ச நாள் ராஜகுமாரன் மாதிரிதான் வளர்ந்தான், பிறகு அப்பா வீட்டுக்கு வேறொரு பெண் வந்தாள், பையன் டப்ளின் தெருவுக்குப் போனான். எடுபிடி வேலை செய்து, கிடைத்த இடத்தில் படுத்து.

அந்தப் பெண் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அப்பாவுக்குப் பணம் முட்டியது. எதிர்காலத்தில் வரவேண்டிய சொத்து உரிமையை இப்போதே விற்றுக் காசாக்க வேண்டும், அதற்கு வாரிசு என்று ஒருத்தன் இருந்தால் இடைஞ்சல். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாரிசுப் பட்டியலில் வெளியூர் போன தங்கச்சி பேரை "மறந்துபோய்" விட்டுவிட்டு மனு எழுதச் சொல்லும் அண்ணன்மார் மாசத்துக்கு ரெண்டு பேராவது என் கடைக்கு வருகிறார்கள். நான் எழுதுவதில்லை. பக்கத்துக் கடையில் எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் பிரபு யாருமில்லை, ஜான் பர்செல் என்ற கறிக்கடைக்காரர். தெருவில் அலைந்த பையனை வீட்டுக்குக் கூட்டிவந்தார், அவர் மனைவி குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு போட்டாள். பையனுக்கு அங்கேயே அம்மை போட்டது, பார்த்துக்கொண்டார்கள். 1727 நவம்பரில் அப்பா செத்தார். சித்தப்பா ரிச்சர்ட், 'அண்ணனுக்குப் பிள்ளையே இல்லை' என்று சொல்லி ஆல்தம் பட்டத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பிறகு பையனைப் பிடிக்க ஆட்களோடு வந்தார். பர்செல் கையில் தடியோடு நின்று, பையனைத் தரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பட்டத்துக்காரர் ஒருவரைக் கறிக்கடைக்காரர் தடுப்பது அந்தக் காலத்தில் விளையாட்டு இல்லை.

ஆனால் 1728 ஏப்ரலில் பிடித்துவிட்டார்கள். சந்தைப் பக்கம் வைத்து, வெள்ளிக் கரண்டி திருடினான் என்று ஒரு குற்றச்சாட்டு. அப்படியே ஆற்றங்கரைக்கு இழுத்துப்போய்ப் படகில் ஏற்றி, அமெரிக்கா போகும் கப்பலில் தள்ளிவிட்டார்கள். கப்பல் பெயரும் ஜேம்ஸ்தான். டெலவேரில் ஒப்பந்தக் கூலியாக விற்கப்பட்டான். நம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி பிடித்துவந்த ஆட்கள் கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. முன்பணக் கடன் முடியும்வரை தோட்டத்தைவிட்டுப் போக முடியாது. இவனுக்குக் கடன்கூடக் கிடையாது, சித்தப்பா இருந்தார். ஓடினான், பிடிபட்டான், ஓடியதற்குத் தண்டனையாகக் காலம் கூடியது. 12 வருஷம் போனது.

1740 வாக்கில் தப்பி ஜமைக்கா போய், அட்மிரல் வெர்னனின் கடற்படைக் கப்பலில் சேர்ந்து, 1741ல் இங்கிலாந்து வந்து இறங்கினார். இதற்குள் சித்தப்பா இன்னும் பெரிய ஆளாகிவிட்டார். 1737ல் பெரிய பங்காளி ஒருவர் வாரிசில்லாமல் சாக, இங்கிலாந்தில் ஆங்கில்சி ஏர்ல், அயர்லாந்தில் வலென்ஷியா விஸ்கவுன்ட் என்ற இரண்டு பிரபுப் பட்டங்களும் ரிச்சர்டுக்கு வந்திருந்தன. ஜேம்ஸ் உண்மையான பிள்ளை என்றால் எல்லாமே ஜேம்ஸுக்குச் சேரவேண்டியவை.

முதலில் சித்தப்பா பயந்தார். வருஷத்துக்கு இவ்வளவு பணம் கொடுத்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிரான்ஸ் போய்விடுகிறேன் என்று பேசி, பிரெஞ்சு சொல்லித்தர வாத்தியார்கூட வைத்துக்கொண்டாராம். அந்த நேரம் பார்த்து, 1742 மே மாதம், லண்டனுக்கு மேற்கே ஸ்டெய்ன்ஸ் என்ற ஊரில் ஜேம்ஸின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து, திருட்டுத்தனமாக மீன் பிடித்துக்கொண்டிருந்த எகிள்ஸ்டன் என்பவர் செத்துப்போனார். உடனே பிரெஞ்சு வகுப்பு நின்றது. பத்தாயிரம் பவுண்ட் செலவானாலும் சரி, இவனைத் தூக்கில் போடவேண்டும் என்று தன் வக்கீல் ஜிஃபார்டிடம் சொன்னார் சித்தப்பா. ஜூலையில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம், அது தெரியாமல் நடந்தது என்று சொல்லி ஜேம்ஸை விட்டுவிட்டது.

அடுத்து டப்ளின். இங்கே ஒரு சூட்சுமம். பட்டத்தைக் கொடு என்று ஜூரியிடம், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கும் பொதுஆட்கள் குழுவிடம், கேட்கமுடியாது, அது பிரபுக்கள் சபை விவகாரம். அதனால் மீத் மாவட்டத்தில் இருந்த குடும்ப நிலத்தைக் கேம்ப்பெல் கிரெய்க் என்பவருக்குக் குத்தகை விட்டதாகக் காகிதம் பண்ணி, அந்தக் குத்தகைதாரர் பெயரில் நில வழக்குப் போட்டார்கள். நிலம் ஜேம்ஸுடையதா என்று பார்க்கவேண்டும் என்றால், ஜேம்ஸ் யார் பிள்ளை என்று பார்த்தாகவேண்டும் இல்லையா. நம் ஊர் வக்கீல்களே எழுந்து நின்று கும்பிடுவார்கள். செலவுக்கு டேனியல் மெக்கர்ச்சர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தன் சொத்தை இறக்கினார்.

1743 நவம்பர் 11ல் தொடங்கி 15 நாள் நடந்தது. முழு வழக்கும் ஒரே கேள்வி: 1715ல் டன்மெய்ன் வீட்டில் அந்த அம்மாவுக்குக் குழந்தை பிறந்ததா? பிறந்தது, நான் இருந்தேன் என்று வேலைக்காரர்கள் ஒரு பக்கம். பிறக்கவே இல்லை, அம்மாவோடு எப்போதும் இருந்தவள் நான் என்று மேரி ஹீத் என்ற பணிப்பெண் இன்னொரு பக்கம். ஜக்கி லாண்டி என்று ஒரு பெண் அந்த வீட்டுப் பக்கத்துக் குடிசையில் இருந்தாள். அவள்தான் பால் கொடுத்த செவிலி என்றார்கள் ஜேம்ஸ் தரப்பில். செவிலி இல்லை, அவள்தான் பெற்றவளே, இது பிரபுவுக்குத் தப்பாகப் பிறந்த பிள்ளை என்றார்கள் சித்தப்பா தரப்பில். ஒரே குடிசை, ஒரே பெண், ஒரே குழந்தை. இதில் எனக்கு மறக்கவே மறக்காதது ஒரு பாதை. பெரிய வீட்டிலிருந்து அந்தக் குடிசைவரை, பிரபுவின் மனைவி வண்டியில் போய்க் குழந்தையைப் பார்த்துவருவதற்கென்றே பாதை போட்டார்கள் என்று சாட்சி சொன்னார்கள். மலையில் இருப்பவனுக்கு இது சட்டென்று புரியும். யாருக்காகப் பாதை போடுகிறார்கள் என்பதை வைத்து யார் யாருக்கு என்ன உறவு என்று எங்கள் ஊரிலும் சொல்லிவிடலாம்.

ஜிஃபார்டும் கூண்டில் ஏறினார். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்து, சொல்லலாம் என்று அனுமதித்தார்கள். பத்தாயிரம் பவுண்ட் பேச்சு அப்படித்தான் வெளியே வந்தது. நம் பழைய சாட்சியச் சட்டத்து 126வது பிரிவிலும் வக்கீல் ரகசியம் காக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதற்கு அது பொருந்தாது என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். வக்கீல் தம்பி இந்தக் கேஸைச் சொன்னதே இதற்காகத்தான்.

ஜூரி ஜேம்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. சித்தப்பா மேல்முறையீடு போட்டார். அது நகரவில்லை, நகரவிடவும் இல்லை. நிலமும் பட்டமும் அவரிடமே. எங்கள் பக்கம் இதை "டிகிரி கையில், பொசஷன் அவன் கையில்" என்பார்கள், தீர்ப்பு நமக்கு, அனுபவம் அவனுக்கு. இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. பிள்ளை பிறக்கவில்லை என்று சாட்சி சொன்ன மேரி ஹீத் மேல் பொய்ச்சாட்சி வழக்கு. 1745ல் இன்னொரு ஜூரி அவள் குற்றவாளி இல்லை என்றது. ஆக முதல் ஜூரி கணக்கில் பிள்ளை பிறந்தது. பிறக்கவில்லை என்றவளும் இரண்டாவது ஜூரி கணக்கில் பொய்க்காரி இல்லை. ஜேம்ஸின் காசு தீர்ந்தது. 1760 ஜனவரியில் செத்துப்போனார். சித்தப்பா 1761ல்.

இதோடு விட்டிருந்தால் சாதாரணக் கதை. சித்தப்பா ஏற்கெனவே ஒரு மனைவி உயிரோடு இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டியவர். மூன்றாவதாக ஜூலியானா டோனவன். அவளுக்குப் பிறந்த மகன் ஆர்தர் அப்பாவின் பட்டங்களைக் கேட்டபோது, கல்யாணம் எப்போது நடந்தது, பிள்ளை அதற்கு முன்னா பின்னா என்று அதே கேள்வி திரும்ப வந்தது. 1741லேயே ரகசியமாக நடந்தது என்றார்கள். ஊரறிய நடந்ததோ 1752ல், பையன் பிறந்தது 1744ல். அயர்லாந்துப் பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1771ல் முடியாது என்றுவிட்டது. அதனால் அவர் அயர்லாந்தில் வலென்ஷியா விஸ்கவுன்ட், கடல் தாண்டினால் ஆங்கில்சி ஏர்ல் இல்லை. அப்பா அம்மா கல்யாணம் ஒரு கரையில் செல்லும், மறு கரையில் செல்லாது. இந்த ஆர்தரின் மகன் ஜார்ஜ், வலென்ஷியா பிரபு என்ற பெயரோடு 1802ல் கிளம்பி நம் பக்கமெல்லாம் சுற்றினார். இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்தில் இறங்கி, தஞ்சாவூர் வழியாக மெட்ராஸ் போனார். போன இடமெல்லாம் மரியாதை செய்திருப்பார்கள், அந்தப் பெயருக்கு.

எங்கள் வழக்குக்கு வருகிறேன். கோர்ட்டுக்குப் போகுமுன் ஊர்க்கூட்டம் வைத்தார்கள். தாத்தா பிறந்தபோது கூட இருந்த கிழவி ஒருத்தி உயிரோடு இருந்தாள், அவளைக் கம்பளி போர்த்தி உட்காரவைத்துக் கேட்டார்கள். அம்மா அப்போது சின்னப் பெண், திண்ணை ஓரத்தில் நின்று பார்த்ததாகச் சொல்வாள். "பெத்தவ யாருன்னு சொல்லு ஆத்தா" என்றாராம் ஊர்ப் பெரியவர். கிழவி ரொம்ப நேரம் பேசவில்லை. ரெண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒரு கை அளவு இடைவெளி வைத்துக் காட்டி, "இம்புட்டுத்தான் இருந்தான்யா. வெந்நீர் வச்சது நானு. தலை நிக்கல, இப்படித்தான் தாங்கிப் பிடிச்சேன்" என்றாள். மறுபடி மறுபடி கேட்டார்கள், அதையே சொன்னாள். அது சாட்சியா இல்லையா என்று ரெண்டு வீடும் இன்னும் முடிவு பண்ணவில்லை. வழக்குப் போய், வாய்தாவாகப் போய், கடைசியில் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வந்த வருஷம் திருவிழாவையே நிறுத்திவிட்டார்கள். மறு வருஷத்திலிருந்து பரிவட்டம் யாருக்கும் கிடையாது, துணியைச் சாமிக்கே சாத்திவிடுவது என்று ஊர் பேசிவிட்டது. மாமா தீர்ப்பு நகலை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

போன வாரம் மேல்மலை போயிருந்தேன். மாமா அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்த பூண்டை இறக்கி, விதைக்குப் பல் பிரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பிரித்தபடி முழுக் கதையையும் சொன்னேன். "பதினஞ்சே நாள்ல தீர்ப்பா!" என்று ஒருமுறை நிமிர்ந்தார். மற்றபடி சித்தப்பா, பட்டம், பிரபுக்கள் சபை எதற்கும் பெரிதாக அசையவில்லை. நான் முடித்தபிறகு மடியில் கிடந்த தோலை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டு, "அந்தக் கறிக்கடைக்காரருக்கு அந்தப் பையன் ஏதாச்சும் செஞ்சானாடா?" என்றார். பிறகு அவரே, "நம்ம கிழவிக்குத் திருவிழாவுக்குத் திருவிழா ஒரு சேலை எடுத்துக் கொடுப்பாரு உங்க தாத்தா. கேஸ் ஆரம்பிச்ச வருஷம் விட்டுப்போச்சு" என்று சொல்லி, அடுத்த பூண்டைக் கையில் எடுத்தார்.