சி.ஐ.டி.க்குப் பின்னால் ஓர் இ

மத்திய அரசு வேலைகளுக்காக எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வுக்கு முதல் தடவை படித்தபோது, ஒரு விளக்கத்துக்கு ஒரே ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் 'ஒன் வேர்டு சப்ஸ்டிடியூஷன்' பகுதிக்காக ஒரு நோட்டு முழுக்க அகரவரிசையில் சொற்களை எழுதி மனப்பாடம் செய்தேன். முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தப்பானால் அரை மதிப்பெண் போகும். உடன்பிறந்தவனைக் கொல்வது ஃபிராட்ரிசைடா, பேட்ரிசைடா, ஃபிலிசைடா என்று திரையைப் பார்த்து விழித்துவிட்டு, தப்பானதைத்தான் அமுக்கினேன்.

அடுத்த தடவை அந்த நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே மாதிரி முடியும் சொற்களை ஒரே பக்கத்தில் சேர்த்தேன். முதல் பக்கம் சி, ஐ, டி, இ (cide), அதாவது 'சைட்' என்று முடியும் சொற்கள். கொலை நடந்தால் சி.ஐ.டி. வருவார், அவர் பின்னாலேயே ஓர் இ வரும். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் எழுத்துப்பிழை அதோடு நின்றது.

பொருளைப் பிடித்துக் கொடுத்தது உரக்கடை. பெஸ்டிசைட் பூச்சிக்கொல்லி, ஹெர்பிசைட் களைக்கொல்லி, ஃபங்கிசைட் பூஞ்சைக்கொல்லி. நம்முடைய 'கொல்லி'தான் அங்கே 'சைட்'. லத்தீனில் கொல்பவனுக்கு ஒரு விகுதி, கொலைக்கு ஒரு விகுதி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் பெஸ்டிசைட் என்பது கொல்லும் பொருள், ஹோமிசைட் என்பது கொலை. ரெஜிசைட் இரண்டுக்கும் வரும்: அரசனைக் கொல்வதும் ரெஜிசைட், கொன்றவனும் ரெஜிசைட். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸுக்கு 1649இல் மரண ஆணை எழுதிக் கையெழுத்திட்ட 59 பேருக்கும் அந்தப் பெயர்தான்.

சரி, முன்பகுதிக்கு என்ன செய்வது? மேட்ரிசைடில் மாதா, பேட்ரிசைடில் பிதா, ரெஜிசைடில் ராஜா. இது வெறும் ஒலி ஒற்றுமை இல்லை. அந்த லத்தீன் சொற்களும் இந்த வடசொற்களும் உண்மையிலேயே ஒரே வேரில் பிறந்தவை. ஃபிராட்ரிசைடுக்கு 'பிரதர்' போதும், அதுவும் அந்தக் குடும்பம்தான். ஃபிலிசைட் பெற்ற பிள்ளையைக் கொல்வது. மனைவியைக் கொல்லும் உக்ஸோரிசைடுக்கு மட்டும் எனக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை, உருப்போட்டதோடு சரி. இனப்படுகொலையைக் குறிக்கும் ஜெனோசைட் இவற்றில் இளையது. ரஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு 'சைட்' சேர்த்து உருவாக்கி, 1944இல் வெளியான தன் நூலில் பயன்படுத்தினார்.

'டிசைட்' எப்படி இந்தக் கூட்டத்தில் வந்தது என்று கொஞ்ச நாள் குழம்பினேன். 'சைட்' பிறந்த லத்தீன் வினைக்குக் கொல்வது மட்டுமல்ல, வெட்டுவதும் பொருள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று முடிவெடுக்கிறோமே, அதேதான்.

இனி வில்லங்கம். 'கோஇன்சைட்' என்பதிலும் அதே நான்கு எழுத்து கடைசியில் நிற்கும், ஆனால் கொலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது 'விழு' என்ற வேறொரு லத்தீன் வினையின் பிள்ளை: இரண்டு விஷயம் ஒரே இடத்தில் வந்து விழுவது. ஆக்சிடென்ட், இன்சிடென்ட் எல்லாம் அதன் பங்காளிகள். எழுத்து ஒத்துப்போனால் வேரும் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடாதீர்கள். என் நோட்டின் அந்தப் பக்கத்தில் 'கோஇன்சைட்' என்ற ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையில், கோட்டுக்கு வெளியே எழுதி வைத்தேன்.