பென்சிலால் எழுதிய சீட்டு

உலர்தாவரத் தொகுப்பில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தாள் ஒட்டும் மேசையில்தான் உட்கார வைத்தார்கள். செய்தித்தாள்களுக்கு நடுவே காய்ந்து வந்த செடியை 42க்கு 28 செ.மீ. அளவுள்ள தடித்த தாளில் ஒட்டி, கிளைகளை நூலால் தைத்து, வலது கீழ் மூலையில் குறிப்புச் சீட்டை ஒட்ட வேண்டும். அறை முழுக்க அந்துருண்டை வாசம். செடிதான் முக்கியம், சீட்டு வெறும் முகவரி என்று அப்போது நினைத்தேன்.

அந்த நினைப்பு அகத்தியமலைச் சரிவில் ஒரு மழைநாளில் உடைந்தது. வழிகாட்ட வந்த காணிப் பழங்குடிப் பெரியவர் ஓடையோரப் புதர் ஒன்றைக் காட்டி, அதன் பெயர், பூக்கும் மாதம், எந்தப் பாறைகளுக்கிடையே மட்டும் வளரும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மைப்பேனாவால் எழுதிக்கொண்டேன். முகாமுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தால் பக்கமெங்கும் நீலக் கறை. அன்று எடுத்த நாலைந்து செடிகளில் எது எந்த ஓடைக்கரையில் கிடைத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பூவோ இதழ் மடங்காமல் அழகாக அழுந்தியிருந்தது.

"எங்கே எடுத்தது, தம்பி?" என்றார் மூத்த ஆய்வாளர்.

"மலையில், ஐயா."

அவர் கோபிக்கவில்லை. தாளைத் தனியே எடுத்து வைத்தார். அது தொகுப்புக்குள் போகவே இல்லை.

ஹப்பார்டியா என்ற புல்லின் கதையை அவர்தான் சொன்னார். 1919இல் கர்நாடகத்தின் கெர்சொப்பா அருவிப் பகுதியில் சேகரித்த புல் அது. உலர்ந்த மாதிரியைக் கொண்டு அதைப் புதிய பேரினம் என்று தாவரவியலாளர் என்.எல். போர் விவரித்தபோது முப்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. பிறகு அந்த அருவியில் புல் தென்படவில்லை, அழிந்துவிட்டதாகவே கருதினார்கள். 2002இல் மகாராஷ்டிரத்தின் தில்லாரி மலைப்பகுதியில் மீண்டும் கிடைத்தது. சீட்டில் அந்த அருவியின் பெயர் இல்லாதிருந்தால், அங்கே ஒன்றை இழந்தோம் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

அதன்பின் பழைய தாள்களை எடுத்தால் முதலில் சீட்டைத்தான் படிப்பேன். ஒன்று உறுத்தியது. சேகரித்த துரையின் பெயர் இருக்கும். மரமேறிக் கிளை ஒடித்தவர், செடியை அடையாளம் காட்டியவர் பெயர் இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியச் செடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட் தம் ஓவியர்களான ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களைப் பதிவு செய்தார். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். அந்தப் பண்பு பரவியிருந்தால் எத்தனை பேரை இன்று நாம் அறிந்திருப்போம்!

அடுத்த ஆண்டு அதே சரிவுக்குப் போனேன், பென்சிலோடு. பெரியவரே மறுபடியும் ஓடைக்கு அழைத்துப் போனார். இடம், உயரம், தேதி, அவர் சொன்ன செடிப்பெயர், அவர் சம்மதத்தோடு அவருடைய பெயர் என எல்லாவற்றையும் எழுதி உரக்கப் படித்துக் காட்டினேன். செடியின் பெயர் வந்ததும் தலையை ஆட்டி மறுத்தார். நாக்கை மடித்து இரண்டு முறை நிதானமாகச் சொல்லிக் காட்டினார். லகரத்தை அழித்துவிட்டு ளகரம் எழுதினேன்.